கொல்லைப்புற உயிரின ஒளிப்படக்கலை

கொல்லைப்புற உயிரின ஒளிப்படக்கலை என்பது வீட்டுத் தோட்டம், கொல்லை, முற்றம், மொட்டை மாடி போன்ற இடங்களில் தாமாக வந்து வாழும் பறவைகள், அணில்கள், ஓணான்கள், பூச்சிகள், சிலந்திகள் முதலிய சிற்றுயிர்களை அவற்றின் இயல்பான நிலையில் படம் பிடிக்கும் கலையாகும். இது காட்டுயிர் ஒளிப்படக்கலையின் ஒரு பிரிவாகக் கருதப்படுகிறது. மிக நெருக்கத்தில் எடுக்கப்படும் பூச்சி, சிலந்திப் படங்கள் மேக்ரோ ஒளிப்படக்கலை எனப்படும் அண்மை ஒளிப்படக்கலையிலும் அடங்கும்.

காட்டில் ஒரு விலங்கைக் காண்பதே அரிது. கண்ட நேரத்தில் கிடைக்கும் வெளிச்சத்திலேயே படம் எடுக்க வேண்டியிருக்கும். கொல்லைப்புறத்தில் நிலைமை வேறு. அதே தேன்சிட்டு அதே செம்பருத்திக்கு நாள்தோறும் வருகிறது. அதே ஓணான் அதே வேலிக்கல்லில் காலை வெயில் காய்கிறது. எனவே எந்த நேரத்து ஒளியில், எந்தப் பின்னணியில், எந்தக் கோணத்தில் படம் எடுப்பது என்பதை எடுப்பவரே முன்கூட்டித் தீர்மானிக்க முடிகிறது. இந்த வாய்ப்பே இக்கலையின் தனித்தன்மை. விலை உயர்ந்த கருவியைவிட ஒளியைப் பற்றிய அறிவும் உயிரினத்தின் பழக்கங்களைப் பற்றிய அறிவும் இதில் கூடுதலாகப் பயன்படுகின்றன.

வரலாறு

இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் ஆகிய சகோதரர்கள் 1892-இல் முட்டைகளுடன் கூடிய பறவைக் கூடு ஒன்றைப் படம் பிடித்தனர். பறவைகள் அஞ்சி விலகாமல் இருக்க, மாட்டுத் தோலால் செய்த பொய் மாட்டின் உள்ளே மறைந்திருந்தும் அவர்கள் படம் எடுத்தனர். உயிரினத்தை விரட்டாமல் மறைந்திருந்து காத்திருக்கும் இந்த முறை இன்றும் காட்டுயிர் ஒளிப்படக்கலையின் அடிப்படையாக உள்ளது.

தமிழ்நாட்டில் இத்துறையின் முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான இவர் இயற்கையியலாளர், ஓவியர், ஒளிப்படக் கலைஞர் எனப் பல நிலைகளில் இயங்கினார். கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியை எழுதிவந்தார். யானை போன்ற பேருயிர்களைப் பற்றி எழுதிய அளவுக்கு ஊர்ப்புறச் சிற்றுயிர்களைப் பற்றியும் எழுதியவர் அவர்.

படச்சுருள் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் செலவு இருந்தது. எண்ணிம கேமராக்களும் கேமரா உள்ள கைப்பேசிகளும் வந்த பிறகு அத்தடை நீங்கியது. பள்ளி மாணவர்கள்கூடத் தம் வீட்டுத் தோட்டத்து உயிர்களைப் படம் பிடித்துப் பதிவு செய்யும் நிலை ஏற்பட்டது.

உயிரினங்களின் பழக்கங்களை அறிதல்

படம் எடுக்கத் தொடங்கும் முன் சில நாட்கள் கேமரா இல்லாமல் கவனிப்பது நல்ல தொடக்கமாகும். எந்த உயிர் எந்த நேரத்தில் எங்கே வருகிறது, எதைத் தின்கிறது, எதற்கு அஞ்சுகிறது என்பன தெரிந்தால் படத்தின் பாதி வேலை முடிந்துவிடும். தமிழ்நாட்டுக் கொல்லைகளில் பொதுவாகக் காணப்படும் சில உயிரினங்களின் பழக்கங்கள் பின்வருமாறு:

- தும்பிகள்: பல வகைத் தும்பிகள் பறந்து சென்று இரையைப் பிடித்தபின் முன்பு அமர்ந்த அதே குச்சிக்குத் திரும்புகின்றன. பறக்கும் தும்பியைத் துரத்த வேண்டியதில்லை. குச்சியின் மீது ஃபோகஸ் செய்து காத்திருந்தால் போதும்.
- ஓணான்: குளிர்ந்த குருதி உடையதால் காலையில் உடலைச் சூடேற்ற வெயிலுக்கு வருகிறது. அந்நேரத்தில் அசையாமல் நெடுநேரம் இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் கழுத்தும் சிவப்பாக மாறுகின்றன.
- அணில்: பின்னங்கால்களில் அமர்ந்து முன்னங்கைகளால் உணவைப் பிடித்துத் தின்னும் சில நொடிகளே படத்துக்கு ஏற்றவை. வாலை வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டு தொடர்ந்து கத்தினால் அது ஆபத்தை உணர்ந்துள்ளது என்று பொருள்.
- வண்ணத்துப்பூச்சிகள்: கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் முட்டையிடுகின்றன. எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் முட்டையிடுகிறது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த வண்ணத்துப்பூச்சி, இறகுகள் விரிந்து உலரும் வரை பறக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.
- குதிக்கும் சிலந்தி: வலை பின்னாமல் பாய்ந்து வேட்டையாடுவது. எட்டுக் கண்களில் முன்புறம் உள்ள இரண்டும் பெரியவை. அருகில் ஏதேனும் அசைந்தால் திரும்பி நேராகப் பார்க்கும் இயல்புடையது என்பதால் முகப் படத்துக்கு மிகவும் ஏற்றது.

பூச்சிகள் சுறுசுறுப்படைய வெப்பம் தேவை. ஆகவே விடியற்காலையில் அவை மெதுவாக இயங்குகின்றன. மார்கழி, தை மாதங்களின் பனிக்காலையில் இலை நுனியில் உறங்கும் தும்பியின் மீது பனித்துளிகள் படிந்திருப்பதையும் காணலாம்.

ஒளி

நேரம்

சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி காற்று மண்டலத்தில் நீண்ட தொலைவு கடந்து வருவதால் மென்மையாகவும் மஞ்சள் சாயலுடனும் இருக்கும். பக்கவாட்டில் விழும் இவ்வொளி இறகு, செதில், மயிர் ஆகியவற்றின் மேடு பள்ளங்களைத் தெளிவாகக் காட்டும். இதனால் சூரியன் உதித்த பின்னும் மறையும் முன்னும் உள்ள நேரம் படத்துக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது.

வெப்பமண்டல நாடுகளில் இந்நேரம் குறைவு. தமிழ்நாட்டில் சூரியன் சரிவாக அல்லாமல் ஏறத்தாழ நேராக மேலெழுகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் உதித்த இரண்டு மணி நேரத்திலேயே அது அடிவானிலிருந்து 30 பாகை அளவு உயர்ந்துவிடுகிறது. ஏப்ரலிலும் ஆகஸ்டை ஒட்டிய நாட்களிலும் நண்பகலில் உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. அவ்வேளையில் பறவையின் முதுகு வெளுத்தும் வயிறும் கண்ணும் இருண்டும் போகும். ஐரோப்பிய நூல்களில் கூறப்படும் நீண்ட காலை ஒளியை எதிர்பார்க்காமல், காலை எட்டு மணிக்குள் பணியை முடிப்பது இங்கு நடைமுறைக்கு ஏற்றது.

மேகமூட்டமான நாட்கள் பூச்சிகளையும் தவளைகளையும் நத்தைகளையும் எடுக்க மிகவும் ஏற்றவை. வானம் முழுவதும் ஒரே ஒளிமூலமாகி நிழல்களை அகற்றுகிறது. ஈரமான இலைகளின் பச்சை நிறமும் அடர்த்தியாகத் தெரிகிறது.

திசை

- முன்னொளி: சூரியன் படம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பது. நிறங்களை உள்ளபடி காட்டும். ஆண் தேன்சிட்டின் தலையிலும் தோளிலும் உள்ள மின்னும் நிறம் சாயத்தால் உண்டானது அன்று. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் உண்டாவது. ஒளி ஏற்ற கோணத்தில் விழாவிடில் அவ்விடம் கருப்பாகவே தெரியும்.
- பக்கவொளி: செதில்களையும் உருண்ட வடிவத்தையும் எடுத்துக்காட்டும். ஓணான், அணில் ஆகியவற்றுக்கு ஏற்றது.
- பின்னொளி: சூரியன் உயிரினத்துக்குப் பின்னால் இருப்பது. தும்பியின் இறகு, சிலந்தி வலை, அணில் வாலின் மயிர் ஆகியவற்றின் ஊடே ஒளி புகுந்து விளிம்புகளை ஒளிரச் செய்யும். பின்புலம் நிழலாக இருந்தால் இவ்விளைவு மேலும் சிறக்கும்.

ஒளியைத் திருத்துதல்

கடும் வெயிலில் எடுக்க நேர்ந்தால் வெள்ளைத் துணி, வெள்ளைக் குடை, டிரேசிங் தாள் ஆகியவற்றில் ஒன்றைச் சூரியனுக்கும் பூச்சிக்கும் இடையே பிடித்து ஒளியை மென்மையாக்கலாம். நிழலான பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையையோ தெர்மோகோல் துண்டையோ வைத்தால் எதிரொளிக்கும் வெளிச்சம் இருண்ட பகுதியை நிரப்பும். இவை பூச்சிகளுக்கே பொருந்தும். பறவைகள் இவற்றைக் கண்டால் விலகிவிடும்.

பிளாஷ் பயன்படுத்தும்போது அதன் முன் மெல்லிய வெள்ளைத் தாள் அல்லது துணியைக் கட்டுவது வழக்கம். ஒளிமூலம் சிறியதாக இருந்தால் வண்டின் முதுகில் வெள்ளைப் புள்ளியாகப் பளபளப்பு விழும். அதைப் பெரிதாக்கிப் பூச்சிக்கு அருகில் கொண்டுவந்தால் பளபளப்பு பரந்து மென்மையாகும்.

படச்சட்டக அமைப்பு

கண் மட்டம்: நின்றவாறே கீழ்நோக்கி எடுக்கும் படத்தில் உயிரினம் தரையோடு தட்டையாகத் தெரியும். கேமராவை அதன் கண் உயரத்துக்கு இறக்கினால் பார்ப்பவரும் அந்த உயிரும் நேருக்கு நேர் சந்திக்கும் உணர்வு கிடைக்கும். பின்னால் உள்ள தரை விலகி மங்கலாகும். தவளையையும் நத்தையையும் எடுக்கத் தரையில் படுக்க வேண்டியிருக்கும்.

கண்ணின் தெளிவு: உடலின் வேறு பகுதி மங்கினாலும் கண் தெளிவாக இருந்தால் படம் நிற்கும். கண்ணில் ஒரு சிறு ஒளிப்புள்ளி விழும்போது உயிர்ப்பு கூடுகிறது. ஒளிப்புள்ளி இல்லாத கண், குறிப்பாகக் காகம், குண்டுகரிச்சான் போன்ற கருநிறப் பறவைகளில், உடலோடு கலந்து காணாமல் போய்விடும்.

பின்னணி: கொல்லைப்புறப் படங்களைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது பின்னணி. துணிக்கொடி, தண்ணீர்க் குழாய், வெள்ளையடித்த சுவர் ஆகியவை உயிரினத்தைவிட முதலில் கண்ணில் படுகின்றன. பெரும்பாலும் கேமராவை ஓரடி இடமோ வலமோ நகர்த்தினாலே பின்னணி மாறிவிடும். உயிரினத்துக்கும் பின்னணிக்கும் உள்ள தொலைவு கூடக் கூடப் பின்னணி மங்கி ஒரே நிறப் பரப்பாக மாறும். சுவரை ஒட்டிய கிளையைவிட, பின்னால் நான்கைந்து மீட்டர் வெற்றிடம் உள்ள கிளை சிறந்தது.

இடம் விடுதல்: சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்று பகுதிகளாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் இடங்களில் ஒன்றில் உயிரினத்தின் கண்ணை வைப்பது பொதுவான வழக்கு. அது பார்க்கும் திசையில் கூடுதல் இடம் விட வேண்டும். நேர் முகமாக நோக்கும் சிலந்திக்கு நடுவில் வைத்தலே பொருத்தமாக இருக்கலாம்.

இணைதளம்: மிக நெருக்கத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. உண்மை அளவில் எடுக்கும்போது எஃப் 8 துளையில் அது ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே. ஆகவே இறகுகளை மூடி அமர்ந்த வண்ணத்துப்பூச்சியின் இறகுப் பரப்புக்கு இணையாகக் கேமராவைப் பிடித்தால் மட்டுமே முழு இறகும் தெளிவாகும்.

சூழலும் படமே: உயிரினம் சட்டகத்தை நிறைத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டு விளிம்பில் ஓடும் அணில், கோலத்தின் ஓரத்தில் அரிசிமாவைத் தூக்கிச் செல்லும் எறும்பு ஆகிய படங்கள் அவ்வுயிர் மனிதரோடு வாழும் வாழ்க்கையையும் சொல்கின்றன.

கருவிகளும் அமைப்புகளும்

பறவைகளுக்கு 300 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட குவியத்தூரம் கொண்ட டெலி லென்சுகளும், பூச்சிகளுக்கு 90 முதல் 105 மில்லிமீட்டர் மேக்ரோ லென்சுகளும் பரவலாகப் பயன்படுகின்றன. உண்மை அளவு மேக்ரோ என்பது 10 மில்லிமீட்டர் நீளமுள்ள வண்டின் உருவம் உணரியிலும் 10 மில்லிமீட்டராகவே விழுவதாகும்.

கைப்பேசியிலும் நல்ல படங்கள் எடுக்கலாம். திரையில் உயிரினத்தைத் தொட்டு ஃபோகசையும் வெளிச்ச அளவையும் நிலைநிறுத்த வேண்டும். டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே ஆகையால் அதைத் தவிர்ப்பது நல்லது. லென்சின் மேல் பொருத்தும் சிறு மேக்ரோ கண்ணாடிகள் எறும்பு, சிலந்தி அளவிலான உயிர்களுக்கு உதவும்.

தொடக்கத்துக்கு ஏற்ற ஷட்டர் வேகங்கள்:

- வெயில் காயும் ஓணான்: நொடியில் 1/250
- உணவு தின்னும் அணில்: நொடியில் 1/500 முதல் 1/1000
- பூவருகே சிறகடித்து நிற்கும் தேன்சிட்டு: நொடியில் 1/2000 அல்லது அதற்கு மேல்
- இலையில் அமர்ந்த பூச்சி: நொடியில் 1/250, எஃப் 8 முதல் எஃப் 11

கேமராவின் தானியங்கி ஒளியளவீடு எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயல்கிறது. அதனால் சட்டகத்தை நிறைக்கும் காகம் வெளுத்தும் வெள்ளைக் கொக்கு மங்கியும் பதிவாகும். காகத்துக்கு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தும் கொக்குக்குச் சற்றுக் கூட்டியும் வைக்க வேண்டும். கொக்கின் இறகுகளில் நுட்பம் அழியும் அளவுக்குக் கூட்டிவிடக் கூடாது.

கொல்லையை ஆயத்தப்படுத்தல்

உயிரினத்தைத் தேடிச் செல்வதைவிட அது விரும்பி வரும் இடத்தை உண்டாக்குவது பயன் தரும். செம்பருத்தி, இட்லிப்பூ, உண்ணிச்செடி ஆகியவற்றின் பூக்களுக்கு வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் வருகின்றன. ஆயினும் உண்ணிச்செடி காடுகளில் பரவிக் கேடு விளைவிக்கும் அயல் செடி என்பதால் புதிதாக நடுவது தவிர்க்கத்தக்கது. பூச்சிக்கொல்லி தெளிக்காத தோட்டத்தில் புழுக்களும், அவற்றைத் தேடிப் பறவைகளும் வரும்.

கோடையில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் தவிட்டுக்குருவி, மைனா, கொண்டைக்குருவி முதலியன குளிக்க வரும். சட்டியின் அருகே காய்ந்த கிளை ஒன்றை நட்டால், பறவை இறங்கும் முன் அதில் அமர்ந்து சுற்றும் பார்க்கும். காலை ஒளி விழும் பக்கத்தையும் தூரத்துப் பசுமையையும் கணக்கிட்டு அக்கிளையை நட வேண்டும். தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிச் சட்டியைத் தேய்த்துக் கழுவாவிட்டால் கொசு பெருகும்.

சன்னலே சிறந்த மறைவிடமாகும். திரைச்சீலையின் இடைவெளி வழியே லென்சை நீட்டி, அறை விளக்கை அணைத்துவிட்டால் பறவைக்கு உள்ளிருப்பவர் தெரிவதில்லை. அரிசி நிரப்பிய துணிப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்துக் கேமராவைத் தாங்கச் செய்யலாம்.

எடுத்துக்காட்டு: செம்பருத்தியில் தேன்சிட்டு

ஊதாப்பிட்டு தேன்சிட்டு ஏறத்தாழ 10 செண்டிமீட்டர் நீளமுள்ள பறவை. அது செம்பருத்தியின் அடிப்பகுதியை அலகால் துளைத்துத் தேன் குடிப்பதும் உண்டு. அப்போது பூவின் முன்பக்கத்தில் ஃபோகஸ் செய்து காத்திருப்பவருக்குப் படம் கிடைக்காது. சில நாட்கள் கவனித்தால் அது எந்தக் கிளை வழியாக வருகிறது, பூவின் எப்பக்கத்தில் அமர்கிறது என்பது தெரியும். செடி கிழக்கு வெயிலைப் பெறுமானால், சூரியன் முதுகுக்குப் பின் இருக்கும்படி அமர்ந்து, பூவின் உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி, பறவை வந்து அமரும் காம்பில் ஃபோகசை நிறுத்த வேண்டும். பறவை வந்து தலையைத் திரும்பும் ஒரு நொடியில் அதன் உச்சியில் உள்ள பச்சை நிறம் மின்னும். அந்த நொடிக்காகத் தொடர் படங்கள் எடுக்கப்படுகின்றன. முதல் நாளில் இது கிடைக்காவிட்டாலும் மறுநாளும் பறவை வரும்.

ஒழுக்க நெறிகள்

கொல்லைப்புறத்தில் உயிரினங்கள் மனிதருக்கு அருகில் இருப்பதால் அவற்றுக்கு எளிதில் தீங்கு நேரலாம். இவற்றுள் கூட்டுப் படங்களே மிகவும் இடர் மிக்கவை. தையல்சிட்டு பெரிய இலைகளை நாரால் தைத்து அதனுள் கூடு கட்டுகிறது. படத்துக்காக மறைக்கும் இலைகளை ஒதுக்கினால் கூடு காகத்தின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். குஞ்சுகள் மீது நேரடி வெயிலும் படும். அலகில் இரையுடன் தாய்ப்பறவை கூட்டுக்குள் நுழையாமல் கிளைக்குக் கிளை தாவிக் கத்திக்கொண்டிருந்தால், படம் எடுப்பவர் மிக அருகில் உள்ளார் என்று பொருள். அவர் உடனே விலகாவிடில் குஞ்சுகள் பசியோடு இருக்கும். ஆகவே கூட்டை எடுப்பதைத் தவிர்த்து, குஞ்சுகள் பறந்து வெளிவந்த பின் எடுப்பதே பரிந்துரைக்கப்படுகிறது.

பிற நெறிகள்:

- பூச்சிகளை அசையாமல் இருக்கச் செய்யக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல், பசையால் ஒட்டுதல், நூலால் கட்டுதல் ஆகியவை கொடுமையானவை. இவ்வாறு எடுத்த படங்கள் இயல்புப் படங்கள் அல்ல.
- கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து இறகு உலராத வண்ணத்துப்பூச்சியைத் தொடக்கூடாது. இறகு கோணினால் அது பறக்க இயலாது.
- பறவையின் குரலைப் பதிவுக்கருவியில் ஒலிக்கச் செய்து அழைத்தால், தன் எல்லைக்குள் போட்டியாளர் வந்ததாக எண்ணி அது உணவு தேடுவதையும் கூட்டையும் விட்டு அலையும்.
- இரவாடி உயிர்கள் மீதும் கூட்டில் உள்ள பறவைகள் மீதும் பிளாஷ் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும்.
- பச்சைக்கிளி உள்ளிட்ட காட்டுப் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். படத்துக்காகப் பிடிப்பதற்கும் விலக்கு இல்லை.

படப் போட்டிகளும் இந்நெறிகளை வலியுறுத்துகின்றன. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆண்டுப் போட்டியில் 2009-ஆம் ஆண்டுக்கான முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அவ்விலங்கு பழக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்ற காரணத்தால் 2010-இல் தகுதி நீக்கம் செய்யப்பட்டது.

அறிவியல் பயன்பாடு

நாள், இடம் ஆகியவற்றுடன் கூடிய ஒரு தெளிவான படம் அறிவியல் சான்றாகவும் அமையும். 2002-இல் தொடங்கப்பட்ட ஈபேர்டு தளத்தில் பறவைப் பதிவுகளையும், 2008-இல் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அனைத்து உயிரினப் பதிவுகளையும் படத்துடன் பதிவேற்றலாம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடைபெறும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பிலும், தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பிலும் மாணவர்கள் பங்கேற்கின்றனர்.

இனங்காண உதவும் படம் அழகான படத்திலிருந்து சற்று வேறுபடும். வண்ணத்துப்பூச்சிக்கு இறகின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டும் தேவை. புழுவுக்கு அது தின்னும் செடியும் சேர்ந்த படம் வேண்டும். சிலந்திக்கு முதுகும் முகமும் தெரிய வேண்டும். முதலில் சற்றுத் தொலைவிலிருந்து ஒரு பதிவுப் படம் எடுத்துவிட்டு, உயிரினம் அமைதியாக இருந்தால் மட்டும் மெல்ல நெருங்கி ஒளியையும் அமைப்பையும் சீர்செய்துகொள்வது இரு நோக்கத்துக்கும் பொருந்தும். எடுத்து முடித்தபின் அவ்வுயிர் தான் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தால், படம் முறையாக எடுக்கப்பட்டது எனக் கொள்ளலாம்.